குணம் விசாரிக்க வந்தவர்கள்

பாடசாலையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். அபிராமி என்று பெயர். என்னிடம் படித்து, நான் ஓய்வுபெற்ற பின் என் இடத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறவர். காலமாகிப்போன எங்கள் பழைய அதிபர் பெரிய மிஸ்ஸின் நினைவாக, புது மண்டபத்துச் சுவரில் பொன்னிற எழுத்தில் சில வசனங்கள் எழுதப் போகிறார்களாம். பெரிய மிஸ் வாழ்நாள் முழுவதும் விரும்பிப் படிப்பித்த அந்த ஆங்கில நாவலாசிரியை காதலைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் மனிதரின் குணத்தைப் பற்றியும் சொன்ன பொன்மொழிகள். நான் தெரிந்தெடுத்துத் தமிழில் தரவேண்டுமாம். உதவியாக இருக்கட்டும் என்று இணையத்தில் அகப்பட்டதை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டார்.

வாசித்துப் பார்த்தேன். பாதிக்குமேல் அந்த நாவல்களில் மடையர்கள் பேசுகிற பேச்சு. காசுக்கு அலைகிற ஒருவன் காதலைப் பற்றி அளக்கிற அளப்பு, பெண்ணைத் தள்ளிவிட அவசரப்படுகிற ஒரு தாய் மகளுக்குச் சொல்லும் புத்தி. இதெல்லாம் வாசிக்கிறவர் சிரிக்கவேண்டும் என்று அந்த அம்மா எழுதியது. இப்போது ரோசாப்பூப் படம் போட்டுக் கல்யாண வாழ்த்து அட்டையில் அச்சடிக்கிறார்கள். அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்களும் பொன்மொழி தேடிப் போய்விடுவீர்கள்.

தரமாட்டேன் என்று அபிராமியிடம் சொன்னேன். ஏன் மிஸ், பெரிய மிஸ்ஸோடு உங்களுக்கு ஏதும் கோபமா என்று கேட்டார். ஓம் என்றேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விசயமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கரவெட்டியில் பிறந்தவள். அந்த மிஷன் பாடசாலையிலேயே படித்து, பல்கலைக்கழகம் போய், பட்டத்தோடு திரும்பி அதே பாடசாலையில் ஆசிரியை ஆனேன். ஆசிரியப் பயிற்சி என்று அரசாங்கம் தந்தது எனக்கு இன்று ஞாபகமில்லை. பயிற்சி என்றால் பெரிய மிஸ்ஸின் வகுப்பில் கடைசி வாங்கில் குந்தியிருந்து பார்த்ததுதான்.

அதிபராக இருந்தும் வெள்ளிக்கிழமைகளில் உயர்தர வகுப்புக்கு அந்த நாவலை அவரே படிப்பித்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, மூக்கு நுனியில் இறக்கி விட்ட கண்ணாடி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு குரலில் வாசிப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார். இந்த ஆள் இதை ஆருக்கு முன்னால் சொல்கிறார், ஆர் இல்லாத நேரத்தில் சொல்கிறார்? மனிதரின் குணம் அவர்கள் பேசுகிற பேச்சில் இல்லை, அங்கேதான் இருக்கிறது என்பார். அந்த அம்மாவின் கதைகளில் ஒருவரும் ஒருவரையும் அடிப்பதில்லை, கெடுதல் எல்லாம் தேநீர் மேசையில், நல்ல மொழியில், மரியாதையாக நடந்து முடிந்துவிடும் என்பதையும் அவர்தான் எங்களுக்குக் காட்டித் தந்தார். அதைப்போல ஒரு படிப்பிப்பை நான் பிறகு எங்கேயும் காணவில்லை. வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் அது உண்மை.

அவருடைய அலுவலகத்தில் நடந்த இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பேச்சுக்கால் நடந்து, சாதகம் பொருந்தி, எல்லாம் ஒப்பேறி வரும்போது, மாப்பிள்ளை பகுதி பெண்ணின் குணத்தை விசாரிக்கப் புறப்படும். அயலில் விசாரித்தால் அயலவருக்கு வேலிச் சண்டை இருக்கும். சொந்தத்தில் விசாரித்தால் சொந்தத்துக்கு எரிச்சல் இருக்கும். ஆகவே பாடசாலைக்கு வருவார்கள். ஒருவரோடும் உறவோ கோபமோ இல்லாத, கல்யாணம் கட்டாத பெரிய மிஸ் சொன்னால் அதற்கு அப்பீல் இல்லை.

வருகிறவர்கள் எதற்கு வந்தோம் என்று வந்தவுடன் சொல்லமாட்டார்கள். பெரும்பாலும் ஒரு பெரியம்மாவோ மாமியோ, துணைக்கு ஓர் ஆம்பிளை. மழையைப் பற்றிக் கதைப்பார்கள். வெங்காயம் அழுகினதைச் சொல்வார்கள். பெரிய மிஸ் மணியை அடித்துத் தேத்தண்ணி சொல்லுவார், அப்படியே என்னையும் கூப்பிடுவார். ஒரு பிள்ளையைப் பற்றிக் கதைக்கும்போது இரண்டாவது ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். பிறகு அப்படிச் சொன்னா, இப்படிச் சொன்னா என்று கதை கட்டக்கூடாது. நான் அவருக்கு இடப்பக்கத்துக் கதிரையில் இருப்பேன். கேட்டால் ஒழிய வாய் திறக்கக்கூடாது. வந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டு, இந்தப் பக்கம் ஒரு அலுவலாக வந்தோம், அப்படியே இன்னாரின் மகளைப் பற்றி என்று இழுப்பார்கள்.

பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றுவார். பிறகு ஒரு வசனம். ஊருக்கே அந்த வசனங்களின் தரம் தெரியும். "தங்கமான பிள்ளை" என்றால் குறைவும் இல்லை, விசேடமும் இல்லை, கட்டலாம். "கெட்டிக்காரி, அமைதியான பிள்ளை" என்றால் வந்தவர்கள் அன்றைக்கே நாள் பார்க்கப் போய்விடுவார்கள். கெட்டிக்காரி என்று சொல்லி அமைதியை விட்டுவிட்டால் வந்தவர்கள் ஆளை ஆள் பார்ப்பார்கள். சொல்லாமல் விட்ட சொல்தான் அங்கே பேசும். அவர் அதை வேண்டுமென்று விட்டதை, நான் இனிச் சொல்லப்போகும் விசயத்துக்கு முன்னர் கண்டதில்லை. குழப்படிக்காரிகளுக்குக்கூட அமைதி கொடுத்து அனுப்பினவர். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்களே, அதில் கொஞ்சம் அவருடைய கணக்கிலும் இருந்தது.

தவமலர் என்றொரு பிள்ளை உயர்தர வகுப்பில் படித்தாள். தகப்பன் கரவெட்டியில் தோட்டம் செய்கிறவர். மூன்று பெண்கள், இவள் மூத்தவள். மூத்தது கரை சேர்ந்தால்தான் மற்றதுகளுக்கு வழி. வாசிப்பில் அவளைப்போல ஒருத்தி எனக்குப் பிறகு கிடைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பெரிய மிஸ் நாவலின் நாயகி ஒரு வசதியான மாப்பிள்ளையை மறுக்கிற இடத்தைப் படிப்பித்தார். மதிப்பில்லாத ஒருவனைக் கட்டாமல் விட அவளுக்குத் துணிவு இருந்தது, அதுதான் குணம் என்று முடித்தார். தவமலர் எழும்பினாள்.

"மிஸ், பிறகு இன்னொரு நல்லவர் வருவார் எண்டு எழுதினவவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே. அவர் வராமல் விட்டிருந்தால் அவள் செய்தது சரியோ பிழையோ?"

பெரிய மிஸ் அது நல்ல கேள்வி என்று சொல்லி இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை. யோசித்துக்கொண்டே நின்று, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மற்ற எல்லாருக்கும் ஆக்களை எழுதினவ, தனக்கு ஒருத்தரையும் எழுதேல்லையே மிஸ்."

அவள் நாவலாசிரியையைத்தான் சொன்னாள். அந்த அம்மாவும் கல்யாணம் கட்டாதவர். ஆனால் வகுப்பில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மணி அடிக்க முன்னரே புத்தகத்தை மூடிக்கொண்டு போனார்.

பரீட்சை முடிந்து பெறுபேறு வருமுன் தவமலருக்குப் பேச்சுக்கால் வந்தது. தொண்டைமானாற்றுப் பெடியன், நீர்ப்பாசனத்தில் வேலை. சந்நிதிக் கோயில் திருவிழாவில் அவளைக் கண்டு அவனாகவே வீட்டில் சொல்லிக் கேட்டு வந்த சம்பந்தம். அப்படி ஒன்று எங்கள் பக்கத்தில் அருமை. தகப்பன் என்னைச் சந்தையில் கண்டு, சைக்கிளை விட்டிறங்கிச் சொன்னார். பிள்ளைக்கும் விருப்பம் என்பதை அவர் சொல்லாமல் சிரித்ததில் அறிந்தேன்.

பெடியனின் பெரியம்மாவும் அவருடைய கணவரும் விசாரிக்க வந்தார்கள். பெரியம்மாதான் பெடியனை வளர்த்தவர், அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல். மழை, வெங்காயம், தேத்தண்ணி எல்லாம் முறைப்படி நடந்தன. பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"படிப்பிலை கெட்டிக்காரி. நல்லாக் கதைப்பாள்."

அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். பெரியம்மா கணவரைப் பார்த்தார். பிறகு தானாகவே, அமைதியான பிள்ளைதானே என்று கேட்டார். ஒரு பெண்ணுக்காக இவ்வளவு தூரம் இறங்கிக் கேட்டவர்களை நான் கண்டதில்லை. அவர்களுக்கும் அந்தச் சம்பந்தம் வேண்டியிருந்தது. பெரிய மிஸ் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"பிள்ளையளின்ரை குணத்தை அவரவர் வீட்டிலைதான் பாக்கவேணும்" என்றார்.

எனக்கு மேலெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சட்டத்தை மீறி வாய் திறந்தேன். மிகவும் அமைதியான பிள்ளை, நான் படிப்பித்த பிள்ளை, எனக்குத் தெரியும் என்றேன். பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அதிபர் மௌனமாக இருக்க ஒரு இளம் ஆசிரியை அந்தரப்பட்டுப் பதறிப் பேசினால், மூடி மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதானே எவருக்கும் படும். இன்னொருமுறை நடந்தாலும் நான் பேசத்தான் செய்வேன். ஆனால் நான் பேசியது கிடந்த நெருப்புக்கு எண்ணெய்.

சாதகம் பொருந்தவில்லை என்று அடுத்த கிழமை ஆள் அனுப்பினார்கள். முன்னர் பொருந்தின அதே சாதகம். எங்களிடையே முகத்தை முறிக்காமல் ஒரு காரியத்தை முறிக்கச் சாதகத்தைப்போல வசதி வேறில்லை. சாத்திரியாரும் கிரகங்களும் எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்வார்கள்.

தவமலரின் தகப்பன் என் வீட்டுப் படலையடிக்கு வந்தார். உள்ளே வாருங்கோ என்றேன், வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

"ரீச்சர், பள்ளிக்கூடத்திலை பிள்ளையைப் பற்றி ஏதும் குறை சொன்னவையோ?"

"இல்லை ஐயா. ஒரு குறையும் சொல்லேல்லை" என்றேன்.

அது முழு உண்மை. அதைச் சொன்ன என் வாய் கைத்தது. அவர் தலையை ஆட்டி, அப்ப கிரகந்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நான் நேராக அலுவலகத்துக்குப் போய், ஏன் மிஸ் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். பெரிய மிஸ் கோபிக்கவில்லை. இருக்கச் சொன்னார். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போகவேண்டிய பிள்ளை, அடுப்படிக்குப் போக விடலாமா என்றார். அந்த நியாயம் அவருக்கு எப்போது தோன்றியது என்று நான் கேட்டேன். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன்னரா, பின்னரா? அப்போதுதான் அவருடைய முகம் மாறியது.

"உம்மடை விசயத்திலையும் நான் அப்பிடித்தான் சொன்னனான்" என்றார். "நல்ல வாசிப்பு, சொந்தமா யோசிக்கிற பிள்ளை எண்டு. உண்மைதானே? அதாலைதான் நீர் இண்டைக்கு இந்தப் பள்ளிக்கூடத்திலை இருக்கிறீர்."

நான் பட்டம் பெற்று வந்த வருசம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்து, சாதகத்தில் குழம்பிப் போனது. செவ்வாய் தோசம் என்று சொன்னார்கள். என் அம்மா அதன்பிறகு சாகும்வரை செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தார். பிறகு வந்தவர்களுக்கும் அந்தச் செவ்வாய்க் கதை முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தது. நான் கல்யாணம் கட்டவில்லை. ஆங்கில ஆசிரியைக்குத் தட்டுப்பாடான ஒரு காலத்தில் பெரிய மிஸ்ஸுக்கு ஒருத்தி கிடைத்தாள்.

அந்த மாப்பிள்ளையை நான் படத்தில் மட்டுமே பார்த்தவள். தங்கமான மனிதர், போய்விட்டார் என்று அழ என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. முசுடாகவும் இருந்திருக்கலாம். அதைக் கட்டிப் பார்த்து அறிகிறது என் பாடு. என்னைக் கேளாமல் அதைப் பெரிய மிஸ் எடுத்துக்கொண்டார். எடுத்துவிட்டு, என் நன்மைக்கு என்று அத்தனை வருசமும் நம்பிக்கொண்டு எனக்கு முன்னால் அந்த நாவலைப் படிப்பித்தார்.

வேலையை விட்டேனா என்று கேட்பீர்கள். விட்டு எங்கே போவது? பக்கத்துக் கதிரையில் இனி இருக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவர் மணியை அடித்து வேறொரு ஆசிரியையைக் கூப்பிட்டுப் பழக்கிக்கொண்டார். பின்னாளில் நான் உப அதிபராகி விசாரிப்புகள் என்னிடம் வந்தபோது, கூரையைப் பிரித்து எறிகிறவளுக்கும் அமைதியான பிள்ளை என்றே சொன்னேன். பிறகு என் பேச்சை ஒருவரும் நம்பாமல் போனார்கள். அதைவிட நல்ல காரியம் என் சேவையில் நான் செய்ததில்லை.

தவமலர் பல்கலைக்கழகம் போகவில்லை. கொஞ்சப் புள்ளிகள் காணாமல் போயின. அடுத்த முறை எடுக்கலாம் என்றிருக்க, போரும் இடம்பெயர்வும் வந்தன. தங்கைகள் இரண்டு பேரும் அவளுக்கு முன்னர் கட்டினார்கள். மூத்தவள் இருக்க இளையவர்கள் கட்டினால் ஊர் மூத்தவளில் குறை தேடாமல் இருக்குமா? உலைமூடி போட்டாலும் மூடாத வாய்கள். முப்பது கடந்தபின் வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவன் வந்தான். அவனுடைய குணத்தை விசாரிக்க ஒரு அதிபரும் இருக்கவில்லை, ஒருவரும் தேடவும் இல்லை. விசா இருக்கிறதா என்று விசாரித்தார்கள், இருந்தது. சில வருசத்தில் அவள் தனியே திரும்பி வந்தாள். அங்கே நடந்ததை நான் கேட்கவில்லை. முழங்கைக்கு மேலிருந்த தழும்பைச் சட்டைக் கையை நீட்டித் தைத்து மறைத்திருந்தாள், அது போதும். இப்போது கரவெட்டியில் பிள்ளைகளுக்கு ஆங்கில ரியூசன் கொடுக்கிறாள்.

அந்தத் தொண்டைமானாற்றுப் பெடியனையும் பிறகு கண்டிருக்கிறேன். நெல்லியடிச் சந்தையில் மனைவி மீனுக்குப் பேரம் பேச, பையைப் பிடித்துக்கொண்டு அலுப்பில்லாமல் நிற்பார். மனைவி நன்றாக வாயடிக்கிற மனிசி. அவர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார்.

பெரிய மிஸ் கடைசிக் காலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். சொந்தம் எல்லாம் கடல் கடந்துவிட்டது. நான் இடைக்கிடை போவேன். ஏன் போனாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோபித்துக்கொள்ளவும் எனக்கு வேறு ஆள் மிஞ்சியிருக்கவில்லை. தவமலர் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தாள் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. சோறு கறி கொண்டுவருவாள், தலை வாரி இழுத்துவிடுவாள், நகம் வெட்டுவாள். பிறகு கட்டில் அருகே கதிரையில் இருப்பாள்.

பெரிய மிஸ்ஸுக்கு நினைவும் பேச்சும் கடைசிவரை குறையவில்லை. நாவலிலிருந்து பக்கம் பக்கமாகச் சொல்லுவார். நாயகி செய்தது சரியா பிழையா என்று தவமலரிடம் கேட்பார். அவள் சிரிப்பாள். தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். பதில் சொல்லமாட்டாள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, வாய் மட்டும் திறக்காது. நான் இருந்த ஒரு ஞாயிறு அதை முழுவதும் பார்த்தேன்.

வெளியே அவளோடு பஸ்ஸுக்கு நின்றபோது, அந்தக் காலத்தில் சம்பந்தம் குழம்பின காரணம் உமக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவருக்குச் சேவை செய்கிறவள் அதைத் தெரியாமல் செய்கிறாளே என்ற துடிப்பு எனக்கு.

"அப்பவே தெரியும் மிஸ்" என்றாள். "என்னைக் கேட்டு வந்த அவர் சந்நிதியிலை வைச்சு எனக்குச் சொன்னவர். பெரிய மிஸ் சொன்னதும் தெரியும், நீங்கள் சொன்னதும் தெரியும்."

பிறகு ஏன் வருகிறீர் என்று கேட்டேன். அவள் றோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஒருக்காவது அவ தன்ரை வாயாலை, அண்டைக்குச் சொல்லாமல் விட்ட அந்தச் சொல்லைச் சொல்லவேணும். அதுக்குத்தான் வாறனான்."

பெரிய மிஸ் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னர் நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். தவமலரை இனி வரவேண்டாம் என்று நான்தான் சொல்லவேண்டுமாம். அவளுக்கு முன்னால் இருக்கத் தனக்குப் பயமாக இருக்கிறதாம்.

"முந்தி எவ்வளவு கதைக்கும் அந்தப் பிள்ளை" என்றார். "இப்ப என்ன கேட்டாலும் வாய் திறக்குதில்லை. அது சரியான அமைதியான பிள்ளை."

அதை நான் அன்று பின்னேரமே கரவெட்டிக்குப் போய்த் தவமலரிடம் சொன்னேன். ரியூசன் பிள்ளைகள் போய்விட்டார்கள், அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய மிஸ் சொன்னதைச் சொன்ன மாதிரியே, ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அவள் திரும்பாமல் நின்று கேட்டாள். பலகை முழுவதும் சுத்தமாகும்வரை துடைத்தாள். துணியை உதறி மடித்தாள்.

"இனி ஆர் மிஸ் விசாரிச்சு வரப்போகினம்?" என்றாள்.